ரேங்க் மேட்ச் பட்டன் கிட்ட போனாலே நெஞ்சு படபடக்குது, எப்படிச் சமாளிக்கிறீங்க?

#1 ஊதாநிழல்

மக்களே, இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருந்தேன். இன்னைக்கு எழுதிடறேன்.

ரெண்டரை வருஷமா வாலரண்ட் (டீமுக்கு அஞ்சு பேர் ஆடுற துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேம்) ஆடறேன். ரேங்க் படியில கோல்ட் 3ல நிக்கிறேன். பயிற்சிக் களத்துல பொம்மை சுடும்போதும், டெத்மேட்ச்லயும் (ஆளாளுக்குத் தனியா சுட்டுப் பழகுற ஆட்டம்), நண்பர்களோட சும்மா ஆடும்போதும் கை சொன்ன பேச்சு கேக்கும். ஜெயிச்சா தோத்தா ரேங்க் ஏறி இறங்குற ரேங்க் மேட்ச்னு வந்தா மட்டும் வேற ஆள் ஆயிடறேன். மவுஸ் அந்தப் பட்டன் மேல போய் நிக்கும், அழுத்த மாட்டேன். 'இன்னும் ஒரு டெத்மேட்ச் ஆடி கை சூடானதும் போகலாம்'னு திரும்பிடுவேன். அது முடிஞ்சா இன்னொண்ணு. மணி பதினொண்ணு ஆனதும் 'இனிமே போனா தூக்கம் கெடும், நாளைக்குப் பாத்துக்கலாம்'. இப்படியே 19 நாள் ஓடிப்போச்சு. எண்ணி வெச்சிருக்கேன்.

எங்கே ஆரம்பிச்சதுன்னும் தெரியும். 11-12ன்னு பின்தங்கி இருக்கோம், நாங்க காக்குற பக்கம். எங்க டீம்ல நான் ஒருத்தன்தான் உயிரோட. எதிர்ல ரெண்டு பேர். ஒருத்தரைச் சாய்ச்சுட்டேன். இன்னொருத்தர் எங்கேன்னு தெரியல. எதிர் டீம் வெச்ச ஸ்பைக்கை (குண்டை) அணைக்க 7 வினாடி வேணும், அதுக்கு மேலேயே நேரம் இருந்துச்சு. பட்டனை அழுத்திப் பிடிச்சேன். 3.5 வினாடி தாண்டிட்டா பாதி அணைஞ்சது அப்படியே நிக்கும், கையை எடுத்தாலும் போகாது. இது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா ஏதோ காலடி கேட்ட மாதிரி இருந்துச்சு. மூணாவது வினாடியில விரலை எடுத்துட்டேன். திரும்பிப் பாத்தா யாருமே இல்ல. மறுபடி அழுத்துறதுக்குள்ள வெடிச்சிடுச்சு. மேட்ச் முடிஞ்சுது.

அப்புறம் பதிவு பண்ணி வெச்சிருந்ததைப் போட்டுப் பாத்தேன். அந்த ஆள் மேப்போட மறுகோடியில இருந்திருக்கார்.

யாரும் திட்டல. நாலு பேரும் அமைதியா இருந்தாங்க. ஒருத்தர் மட்டும் "ஏன் விட்டீங்க?"ன்னு கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கேள்வி இன்னும் காதுல கேக்குது. இப்போ க்யூ போடணும்னு (மேட்ச் தேடுற வரிசையில சேரணும்னு) நினைச்சாலே விரல் எல்லாம் ஐஸ் மாதிரி ஆயிடுது, வயித்தைப் பிசையுது.

இது எனக்கு மட்டும்தானா? இல்ல, இந்த மாதிரி ஆட்டமே எனக்கு ஒத்து வராதா?

---

#2 கடைசிவட்டம்

நீங்க மட்டும் இல்ல ப்ரோ. நான் பேட்டில் ராயல் ஆளு, கடைசியா மிஞ்சுறவர் ஜெயிக்கிற ஆட்டம். நூறு பேர்ல தொண்ணூறு பேர் போற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. கடைசி அஞ்சு பேர்னு திரையில வந்ததும் உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்க ஆரம்பிக்கும். கீபோர்டு பக்கத்துல ஒரு துண்டு வெச்சிருக்கேன், அதுக்காகவே.

---

#3 பழையகுதிரை

தம்பி, இந்தப் பயத்துக்குப் பெயரே உண்டு. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்த காலத்தில் நாங்கள் அதை 'லேடர் ஆங்ஸைட்டி' (தரவரிசை ஏணிப் பதற்றம்) என்போம். அது ஒருவருக்கு ஒருவர் ஆடும் ஆட்டம். தோற்றால் பழி போட டீமில் வேறு ஆள் கிடையாது. வாரக்கணக்கில் கணினிக்கு எதிராகவே ஆடிப் பயிற்சி எடுத்துவிட்டு, உண்மையான எதிராளியைத் தேடும் பட்டனை மட்டும் தொடாதவர்கள் எத்தனையோ பேர். நானும் அப்படி இருந்தவன்தான். 2013இல் வந்த விரிவாக்கத்தில் ரேங்க் கணக்கில் சேராத ஆட்டமும் சேர்க்கப்பட்டபோது, பலருக்கு மூச்சு விட முடிந்தது.

நான் சதுரங்கமும் ஆடுகிறவன். அதனால் இந்த ரேட்டிங் எண் எதற்காக வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அர்பாத் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த முறை அது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்டது. இன்று பல ஆட்டங்களில் ஓடும் கணக்கு அதன் வாரிசு அல்லது அதன் உறவு. அந்தக் கணக்கு உங்களுக்குத் தரும் எண், 'அடுத்த ஆட்டத்தில் இவர் வெல்ல எவ்வளவு வாய்ப்பு' என்ற ஒரு ஊகம். எலோ முறையில் 200 புள்ளி குறைந்தவர் கூட நூற்றில் 24 பங்கு எடுப்பார் என்றுதான் அது எதிர்பார்க்கிறது. தோல்வி வந்தால் ஊகத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறது. அவ்வளவே. அது உங்களுக்குத் தீர்ப்பு எழுதுவதில்லை.

இன்னொன்று. உங்களுக்குச் சமமான எதிராளியைத் தேடித் தருவதுதான் அந்த அமைப்பின் வேலை. அது சரியாக வேலை செய்தால் நீங்கள் பாதி ஆட்டம் தோற்பீர்கள். பாதிக்குப் பாதி என்று வைத்து 100 ஆட்டம் ஆடினால், எங்கோ ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து தோல்வி வருவதற்கு 80 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு. நாணயம் சுண்டிப் பார்த்தாலும் அப்படித்தான். ஐந்து தோற்றவுடன் 'எனக்கு ஆடவே தெரியவில்லை' என்று முடிவு கட்டுகிறோம். நாணயம் அப்படி நினைப்பதில்லை.

---

#4 ஊதாநிழல்

ரொம்ப நன்றிண்ணே. அஞ்சு தோல்விக் கணக்கைப் படிச்சதும் மனசு லேசாச்சு. ஆனா உண்மையைச் சொல்றேன், தலைக்குப் புரியுது, வயித்துக்குப் புரியல. இதைப் படிச்சிட்டுப் போய் பட்டன்ல கை வெச்சேன். அதே படபடப்பு.

---

#5 நாடித்துடிப்பு

ஊதாநிழல், உளவியல் முதுகலை படிக்கிறேன், நானும் ஆடறவதான். வயித்துக்குப் புரியலன்னு சொன்னீங்க பாருங்க, அது சரியான கவனிப்பு. வயித்துக்குக் கணக்கு தெரியாது, ஆபத்து மட்டும்தான் தெரியும்.

உடம்பு 'ஏதோ பெருசா வருது'ன்னு நினைச்சா அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமா அடிக்கும். தோல்ல, விரல் நுனியில ஓடுற ரத்தக் குழாய்கள் சுருங்கி, பெரிய தசைகளுக்கு ரத்தம் திரும்பும். விரல் ஐஸ் ஆகுறது அதனாலதான். ஓடறதுக்கும் சண்டை போடறதுக்கும் அருமையான ஏற்பாடு. மவுஸை ரெண்டு மில்லிமீட்டர் நகர்த்துறதுக்கு அவ்வளவு உதவாது.

டெத்மேட்ச்ல நல்லா ஆடி ரேங்க்ல தடுமாறுறது ஏன்னா, அதுக்கும் விளக்கம் இருக்கு. ராபர்ட் ஸையன்ட்ஸ்னு ஒரு உளவியலாளர், அவரும் கூட இருந்தவங்களும் 1969ல கரப்பான்பூச்சியை வெச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. நேர்ப்பாதையில ஓட விட்டப்போ, மத்த கரப்பான்கள் பக்கத்துல பாத்துட்டு இருந்தா வேகமா ஓடுச்சு. திருப்பம் உள்ள பாதையில விட்டா, பாக்கிறவங்க இருந்தா மெதுவாயிடுச்சு. பழகிப்போன எளிய வேலைக்குப் பார்வையாளர் உதவி, இன்னும் பழகாத சிக்கலான வேலைக்குப் பார்வையாளர் இடைஞ்சல். ஒருத்தரைச் சுடறது உங்களுக்குப் பழகின வேலை. காலடியைக் கேட்டு, நேரத்தைக் கணக்குப் போட்டு, விடுறதா பிடிக்கிறதான்னு முடிவெடுக்கிறது இன்னும் பழகாத வேலை. அந்த ரவுண்டுல சுட்டது சரியாத்தான் இருந்துச்சு, கவனிச்சீங்களா? முடிவுதான் கலங்குச்சு.

இன்னொரு பக்கமும் இருக்கு. பழகின வேலையையே 'சரியாப் பண்றேனா'ன்னு உள்ள போய்ப் பாக்க ஆரம்பிச்சா அதுவும் கெடும். சையன் பைலாக்கும் கூட்டாளிகளும் 2002ல வெளியிட்ட ஆய்வுல, தேர்ந்த கால்பந்து வீரர்களைப் பந்தை உருட்டிட்டுப் போகச் சொல்லி, காலோட எந்தப் பக்கம் பந்தைத் தொடுதுன்னு கவனிக்கச் சொன்னாங்க. வேகம் குறைஞ்சுடுச்சு. அதுக்குப் பதிலா காதுல விழுற சொற்களைக் கவனிக்கச் சொன்னப்போ நல்லாவே ஆடினாங்க. அதனால ரேங்க்ல 'என் கை நடுங்குதா, எய்ம் சரியா இருக்கா'ன்னு கையைப் பாக்காதீங்க. கவனத்தை வெளியில கட்டிப் போடுங்க. எந்த மூலையில யார் வரலாம், இன்னும் எத்தனை வினாடி, இப்படி.

உடனே பண்ணக்கூடியது ரெண்டு. க்யூ போடறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு நிமிஷம் கையை வைங்க, விரல் இளகும். அப்புறம் மூச்சு. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வெளியே விடுறது நீளமா இருந்தாத்தான் இதயம் தணியும்.

---

#6 வெறும்கை

நாடித்துடிப்பு நல்லா எழுதியிருக்காங்க, மறுக்கல. ஆனா கரப்பான்பூச்சி வரைக்கும் போகணுமான்னு தோணுது. நான் தாண்டி வந்தது ஒரே வழியிலதான். தினம் பத்து ரேங்க் மேட்ச். யோசிக்காம போடு, தோத்தா அடுத்தது போடு. மூணு வாரத்துல பயம்னு ஒண்ணு இருந்ததே மறந்துபோச்சு. 19 நாள் தள்ளிப் போட்டதுதான் பயத்தை இவ்வளவு பெருசாக்கியிருக்கு. தண்ணியில இறங்காம நீச்சல் வராது நண்பா.

---

#7 நாடித்துடிப்பு

> 19 நாள் தள்ளிப் போட்டதுதான் பயத்தை இவ்வளவு பெருசாக்கியிருக்கு.

இதுல நீங்க நூத்துக்கு நூறு சரி. பட்டனை விட்டுத் திரும்பும்போது ஒரு நிம்மதி வருதில்ல, அந்த நிம்மதிதான் மறுநாளும் திரும்ப வைக்குது. அதை உடைக்க ஆடித்தான் ஆகணும்.

தினம் பத்துங்கிறதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல. உங்களுக்கு ஒத்து வந்துச்சு, சந்தோஷம். ஆனா நாலு தோத்துட்டு அஞ்சாவதைக் கோபத்துல போடறவங்க பயத்தைப் பழகிக்கிறது இல்ல, இன்னும் நாலு கெட்ட நினைவைச் சேத்துக்கிறாங்க. இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சவருக்கு அளவு வேணும். என் யோசனை: தினம் ஒண்ணே ஒண்ணு. ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒண்ணுதான். 'ஜெயிச்சிட்டேன், இன்னொண்ணு'ன்னும் வேண்டாம். முன்கூட்டியே முடிவு பண்ணின அளவுல நிறுத்துறப்போ, இந்த ஒரு மேட்ச் எதையும் தீர்மானிக்கப் போறதில்லன்னு உடம்புக்கே பழகும்.

---

#8 வெறும்கை

சரி, ஒண்ணுல ஆரம்பிக்கட்டும். ஆனா ஒரு நாள் கூட விடக்கூடாது. அதுல நான் இறங்கி வர மாட்டேன்.

---

#9 மௌனமைக்

இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன். ஒண்ணு சொல்லணும்.

எல்லாப் பயமும் உள்ளேயிருந்து வர்றது இல்ல. நான் பொண்ணு. மைக்ல "பி பக்கம் ரெண்டு பேர்"னு சொன்ன அடுத்த நொடியே பேச்சு மாறும். சிரிப்பு, அசிங்கமான கேள்வி, நான் தப்புப் பண்ணா "பாத்தியா, சொன்னேன்ல". பல மாசம் 'எனக்குத் தைரியம் போதல'ன்னு நினைச்சிட்டு இருந்தேன். பிறகுதான் புரிஞ்சுது, நான் பயந்தது ஆட்டத்தைப் பாத்து இல்ல. என்னை மோசமா நடத்தினாங்க, உடம்பு அதை ஞாபகம் வெச்சிருந்துச்சு. அதுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது.

நான் பண்ணினது இதுதான். முதல் அசிங்க வார்த்தைக்கே ம்யூட், அதோட புகார். ரெண்டாவது வாய்ப்பு கொடுக்கிறதில்ல, பதில் பேசுறதில்ல. தகவல் சொல்ல மேப்ல பிங் (இடத்தைச் சுட்டுற குறி) போதும், அது குரலை விட வேகம். நம்பிக்கையான ரெண்டு பேரோட சேந்துதான் க்யூ போடுவேன். அஞ்சுல மூணு பேர் நம்ம ஆளுன்னா மிச்ச ரெண்டு பேரால ரொம்ப எதுவும் பண்ண முடியாது. ம்யூட் பண்றது கோழைத்தனம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. என்னைத் திட்டுற ஒருத்தர் குரலைக் கேட்டுட்டே ஆடணும்னு எந்த விதியும் கிடையாது.

ஊதாநிழல், உங்களை யாரும் திட்டலன்னு எழுதியிருந்தீங்க. அந்த "ஏன் விட்டீங்க?" கேள்வி மட்டும்தான். அதை அவர் எந்தத் தொனியில கேட்டார்னு யோசிச்சுப் பாருங்க.

---

#10 ஊதாநிழல்

தோழி, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்தேன். மன்னிக்கணும், நாங்க எல்லாம் அந்த லாபியில கேட்டும் கேக்காத மாதிரி இருந்திருக்கோம். இனிமே இருக்க மாட்டேன்.

அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். கோபமே இல்ல. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. அவருக்குக் காலடி எதுவும் கேக்கல, எனக்கு என்ன கேட்டுச்சுன்னு அவருக்குத் தெரியாது. இத்தனை நாளா அந்தக் குரலை நான்தான் கடுமையா மாத்தி வெச்சிருந்தேன் போல.

---

#11 இரவல்கவசம்

நான் அடிக்கடி முதல்லயே செத்துட்டு மத்தவங்க ஆடுறதைப் பாக்கிற ஆளு. அந்த நாலு பேர் பக்கத்துல இருந்து சொல்றேன். கிளட்ச்ல, அதாவது டீம்ல மிஞ்சின கடைசி ஆளா, ஒருத்தர் நிக்கும்போது நாங்க எல்லாம் அவரை எடை போட்டுட்டு இருக்கோம்னு நினைக்கிறீங்க. நான் அப்போ நினைச்சிட்டு இருக்கிறது என் சாவைத்தான். 'அந்த மூலையை ஏன் பாக்காம போனேன்'னு. பாதி நேரம் உங்க திரையைப் பாத்துட்டு இருந்தாலும் கண்ணுல எதுவும் ஏறாது. மேட்ச் முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு உங்க பேரைக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

---

#12 நாடித்துடிப்பு

இரவல்கவசம் சொன்னதுக்கு ஆதாரமே இருக்கு. கிலோவிச்சும் கூட்டாளிகளும் 2000ல வெளியிட்ட ஆய்வு. மாணவர்களை, போடக் கூச்சப்படுற மாதிரியான ஒரு டீ சட்டையைப் போட்டுட்டு மத்தவங்க இருக்கிற அறைக்குள்ள போகச் சொன்னாங்க. எத்தனை பேர் கவனிச்சிருப்பாங்கன்னு கேட்டா, கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்கன்னு போனவங்க ஊகிச்சாங்க. உண்மையில கவனிச்சது கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான்.

---

#13 கடைசிவட்டம்

ஒரு சந்தேகம். டோர்னமென்ட் ஆடுற ஒரு நண்பன், நடுக்கத்துக்கு 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை போட்டா கை கல்லு மாதிரி நிக்கும்னு சொல்றான். யாராவது எடுத்திருக்கீங்களா?

---

#14 நாடித்துடிப்பு

தயவுசெஞ்சு அடுத்தவங்க பேச்சைக் கேட்டு எடுக்காதீங்க. அது அட்ரினலின் வேலை செய்ற இடத்தையே அடைக்கிற இதய மருந்து. ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு மூச்சுக்குழாய் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ரெண்டும் தாழலாம். அம்பு எய்தல், துப்பாக்கி சுடுதல் மாதிரி விளையாட்டுகள்ல அது தடை செய்யப்பட்ட மருந்தும் கூட. மருத்துவர் பாத்து எழுதிக் கொடுத்தா அது வேற விஷயம்.

அதை விடச் சுலபமான ஒண்ணு இருக்கு. ஆடப் போறதுக்கு முன்னாடி காபீன் உள்ள பானத்தைக் குடிச்சிட்டு உக்காருவீங்களான்னு பாருங்க. அதுவே நடுக்கத்தையும் படபடப்பையும் கூட்டும். சாயங்காலம் குடிச்சதுல பாதி, அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புல இருக்கும்.

---

#15 மூன்றாம்கை

சின்னச் சின்ன டோர்னமென்ட்ல டீமோட ஆடறவன். தாமதமா வந்துட்டேன், ஒரே விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

நடுக்கம் எனக்கு இன்னும் போகல. நாலு வருஷம் ஆச்சு. முதல் மேட்ச்ல முதல் ரெண்டு ரவுண்டு கை நடுங்கத்தான் செய்யும். முன்னாடி எல்லாம் 'நடுக்கம் நின்னதும் நல்லா ஆடுவேன்'னு காத்திருப்பேன். அது நிக்கிறதுக்குள்ள 0-4 ஆயிடும். இப்போ நடுக்கத்தோடயே ஆடக் கத்துக்கிட்டேன். அதுக்கு ஏத்த மாதிரி ஆட்டத்தையும் மாத்திக்கிட்டேன். முதல் ரெண்டு ரவுண்டு தனியா முன்னாடி ஓடிச் சண்டை தேட மாட்டேன். இன்னொருத்தர் பின்னாடி போவேன். குறுகலான ஒரே வழியைப் பிடிச்சுக் காப்பேன், எய்ம் பெருசா நகர்த்த வேண்டியிருக்காது.

இன்னொண்ணு, மவுஸ் பிடி. பயம் வந்தா நமக்கே தெரியாம இறுக்கிப் பிடிப்போம். இறுக்கினா இன்னும் நடுங்கும். ஒவ்வொரு ரவுண்டும் ஆரம்பத்துல ஆயுதம் வாங்குற நேரத்துல கையை மவுஸ்லேர்ந்து முழுசா எடுத்து, அஞ்சு விரலையும் விரிச்சு, தொடையில ஒரு தடவை தேய்ச்சிட்டு மறுபடி வைப்பேன். ரெண்டு வினாடி வேலை. தோத்த ரவுண்டு அதோட முடிஞ்சிடும்.

ஊதாநிழலுக்கு ஒரு பயிற்சி. நண்பர்களைக் கூட்டித் தனி அறை போடுங்க. அந்த ஒரு சூழ்நிலையை மட்டும் திரும்பத் திரும்ப ஆடுங்க. ஸ்பைக் வெச்சாச்சு, எதிர்ல ஒருத்தர் எங்கேயோ ஒளிஞ்சிருக்கார், நீங்க அணைக்கணும். மத்தவங்க பாத்துட்டு இருக்கணும், கண்டபடி சத்தம் போடணும். வாய்விட்டு எண்ணுங்க: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலுன்னு சொல்லி முடிக்கிற வரைக்கும் விரல் எடுக்கக் கூடாது. ரேங்க்ல புதுசா முடிவெடுக்க வேண்டாம், முன்னாடியே எடுத்து வெச்ச முடிவைச் செஞ்சா போதும். பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாங்க. பதறினாலும் சிதறாம இருக்கிறதுக்குத்தான் இந்தப் பயிற்சி.

---

#16 ஊதாநிழல் (ஆறு நாள் கழித்து)

என்ன பண்ணினேன்னு சொல்லிடறேன்.

தினம் ஒரு ரேங்க் மேட்ச், ராத்திரி ஒன்பதரைக்கு. வெறும்கை சொன்ன மாதிரி ஒரு நாள் கூட விடல. ஆறு மேட்ச்ல ரெண்டு ஜெயிச்சு நாலு தோத்தேன். கோல்ட் 2க்கு இறங்கிட்டேன்.

இறங்கின அன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இதுக்குத்தான் பயந்தேன், இப்போ நடந்தே போச்சுன்னு. மானிட்டரை அணைச்சிட்டு இருட்டுல உக்காந்திருந்தேன். அப்புறம் ஒண்ணு தோணுச்சு. நான் 19 நாள் கட்டிக் காப்பாத்தின அந்தக் கோல்ட் 3ஐ வெச்சு என்ன பண்ணினேன்? டெத்மேட்ச் ஆடினேன். வேற ஒண்ணும் பண்ணல.

தனி அறைப் பயிற்சி மூணு நாள் பண்ணினோம். கடைசிவட்டமும் வந்து ஒளிஞ்சு நின்னார். முதல் நாள் ஏழு தடவை ரெண்டு எண்றதுக்குள்ளேயே விட்டேன். அவங்க சத்தம் போட்டுட்டே இருந்தாங்க. மூணாவது நாள் பத்துக்கு எட்டு, நாலு வரைக்கும் பிடிச்சேன்.

ஆனா க்யூ நேரத்துல வயித்துப் பிசைவு இன்னும் இருக்கு. அதுக்கு ஏதாவது இருக்கா?

---

#17 நாடித்துடிப்பு

அதை இல்லாம ஆக்க முயற்சி பண்ணாதீங்க. 'அமைதியா இரு, அமைதியா இரு'ன்னு சொல்றது வேகமா அடிக்கிற இதயத்துக்கு எதிரா மல்லுக்கட்டுறது மாதிரி. ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014ல வெளியிட்ட ஆய்வுல, மத்தவங்க முன்னாடி பாடப் போறவங்க, பேசப் போறவங்க கிட்ட 'எனக்குப் பரபரப்பா இருக்கு, உற்சாகமா இருக்கு'ன்னு சொல்லிக்கச் சொன்னாங்க. 'நான் அமைதியா இருக்கேன்'னு சொல்லிக்கிட்டவங்களை விட அவங்க நல்லாப் பண்ணினாங்க. பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்புல நடக்கிறது கிட்டத்தட்ட ஒண்ணுதான், பேரை மட்டும் மாத்தினா போதும். வாய்விட்டே சொல்லுங்க, அறையில தனியாத்தானே இருக்கீங்க.

எழுதியும் பாக்கலாம். பைலாக்கும் அவரோட மாணவர் ரமீரேஸும் 2011ல செஞ்சது: தேர்வுக்கு முன்னாடி பத்து நிமிஷம் மனசுல இருக்கிற பயத்தை அப்படியே எழுதின மாணவர்கள், எழுதாதவங்களை விட நல்ல மதிப்பெண் எடுத்தாங்க. தேர்வை நினைச்சு அதிகம் பயப்படுறவங்களுக்குத்தான் அது ரொம்ப உதவுச்சு.

இன்னொண்ணு, எல்லாருக்குமா சொல்றேன். ஆட்டத்துல மட்டும் இல்லாம வகுப்புல பேச, வேலையில கூட்டத்துல வாய் திறக்க, போன் எடுக்கக் கூட இதே மாதிரி இருந்தா, தூக்கம் தொடர்ந்து கெட்டுப்போனா, திடீர்னு மூச்சு முட்டி நெஞ்சு அடைக்கிற மாதிரி வந்தா, தயவுசெஞ்சு ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்க. இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, நிறையப் பேர் சரியாகியிருக்காங்க. அது வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருக்கணும்னு அவசியம் இல்ல.

---

#18 பழையகுதிரை

இறங்கிய அன்று எழுந்து மறுநாளும் ஆடினீர்களே தம்பி, அதைத்தான் 2010இல் என்னால் செய்ய முடியவில்லை. அந்த ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன். இன்றுவரை அதில் எனக்கு வருத்தம் உண்டு.

---

#19 ஊதாநிழல் (மூன்று வாரம் கழித்து)

நேத்து நடந்தது. எழுதாம இருக்க முடியல.

12-12 ஓவர்டைம். மறுபடி நான் ஒருத்தன், எதிர்ல ஒருத்தர். மறுபடி ஸ்பைக். கை நடுங்குச்சு, பொய் சொல்ல மாட்டேன், திரையில குறி காட்டுற கிராஸ்ஹேரே ஆடுச்சு. அழுத்திப் பிடிச்சு எண்ண ஆரம்பிச்சேன். இந்தத் தடவை மைக் ஆன்ல இருந்துச்சு, மறந்துட்டேன். "ஒண்ணு... ரெண்டு..." நாலு பேரும் கேட்டிருக்காங்க. மூணுல நிஜமாவே காலடி கேட்டுச்சு. இந்த முறை பிரமை இல்ல. வலப்பக்கம், பெட்டிக்குப் பின்னாடி. விரல் துடிச்சுது, எடுக்கல. "நாலு." பாதி அணைஞ்சது. விட்டேன், திரும்பினேன், அவரும் வந்தார். ரெண்டு பேரும் சுட்டோம். நான்தான் விழுந்தேன்.

ரவுண்டு போச்சு. அடுத்த ரவுண்டும் போய் மேட்ச்சும் போச்சு. ஒருத்தர், "எண்ணினது நல்லா இருந்துச்சு ப்ரோ, நானும் செஞ்சு பாக்கிறேன்"னார்.

கையைத் தொடையில தேய்ச்சேன். நோட்டுல அன்னைக்குத் தேதி போட்டு 'நாலு வரைக்கும்'னு எழுதினேன். இன்னும் கோல்ட் 2லதான் இருக்கேன்.

---

#20 வெறும்கை

ஒரு நாள் கூட விடலயே?

---

#21 ஊதாநிழல்

ஒரு நாள் விட்டேன், காய்ச்சல். மறுநாள் போட்டுட்டேன்.

---

#22 மௌனமைக்

இன்னைக்கு எங்க மூணு பேர்ல ஒருத்தருக்கு வர முடியல. ஊதாநிழல், ஒரு இடம் காலியா இருக்கு. நானும் மைக்ல பேசிப் பாக்கலாம்னு இருக்கேன், தெரிஞ்சவங்க கூட இருந்தா நல்லா இருக்கும்.

---

#23 ஊதாநிழல்

வரேன். ஒன்பதரைக்குத்தானே? அஞ்சு நிமிஷம் முன்னாடியே லாபியில இருப்பேன். யாராவது உங்ககிட்ட வாயை விட்டா முதல் புகார் என்னோடது.